கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா

நகைக் கடனுக்கு வட்டி கட்டி மாற்றி வைக்க வங்கிக்குப் போயிருந்தேன். என் டோக்கன் 61. சுவர்ப் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது 23. வேலூர்ப் பக்கத்துச் சிறு டவுன், நவம்பர் மாதம். பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருகிற மாதம். "லைஃப் சர்டிபிகேட்" என்று சொல்லிக்கொண்டே படியேறுவார்கள். ரயில்வேக்காரர்கள் வருவார்கள், தபால்காரர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்தில் மட்டும் பாதி நாற்காலி பட்டாளத்துக்காரர்களுடையது.

அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். செருப்புக்குப் பதில் ஷூ, அதுவும் பாலிஷ் போட்டது. பிளாஸ்டிக் கவருக்குள் துணிப்பை, துணிப்பைக்குள் இன்னொரு கவர், அதற்குள் டிஸ்சார்ஜ் புக். நாற்காலியில் சாய மாட்டார்கள். வங்கி திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே ஷட்டர் வாசலில் நிற்பார்கள், யாரும் சொல்லாமலே வரிசையாக.

இந்த மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்ததால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். அது பிரபலமாகிவிட்டது. பெயர் வாங்காத ஊர்களும் இங்கே நிறைய. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. நிலம் மானம் பார்த்தது. தோல் ஷாப்பு, பீடி, இல்லாவிட்டால் பட்டாளம். தேசப்பற்று இல்லாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் சம்பளம் வந்த பிறகு வருகிறது என்பது என் அபிப்பிராயம். அதில் குறையும் இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. தாத்தா கணக்கு எழுதினார், அப்பா கணக்கு எழுதினார், நானும் அதையேதான் வேறு பெயரில் செய்கிறேன். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போகவேண்டி வரவில்லை.

வாசலில் துப்பாக்கியோடு ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இரட்டைக்குழல் துப்பாக்கி, தோளில் தோட்டா பெல்ட். மார்பில் ஏஜென்சியின் பெயர் தைத்த நீலச் சட்டை. அவர் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. நான் பார்த்த அரை மணி நேரத்தில் அவரிடம் மூன்று பேர் பணம் கட்டும் சீட்டை நிரப்பித் தரச் சொன்னார்கள். ஒரு அம்மாள் குடையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளிருந்து ஒரு குரல், "வாட்ச்மேன், அந்த ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணு" என்றது. அவர் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏசியைக் குறைத்தார்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். பேரன் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். எண்பதைத் தொட்டிருப்பார். வெள்ளை வேட்டி, அதன் கீழே கறுப்பு ஷூ. அந்தப் பொருத்தமின்மையை வேறு யாராவது செய்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். காவலர் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டார்.

"எந்த யூனிட் ஐயா?"

"சாப்பர்ஸ்."

"அட, தம்பியா நீங்க!"

பேரன் சிரித்துவிட்டான். அவனுக்குத் தெரியவில்லை. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையினரை ராணுவம் முழுக்கத் "தம்பி" என்றே கூப்பிடுவார்கள். பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற, பாதை வெட்டுகிற படை. எண்பது வயதிலும் அவர் தம்பிதான். பெரியவர் முகத்தில் ஒரு கணம் இருபது வயது வந்து போனது. காவலர் மதராஸ் ரெஜிமென்ட், பதினேழு வருஷ சர்வீஸ், நாயக்காக இருந்து வந்தவர் என்பதும் அடுத்த இரண்டு நிமிஷத்தில் எனக்குக் கேட்டுவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் இருவர் சந்தித்தால் ஊர், பேர் கேட்கமாட்டார்கள். யூனிட் கேட்பார்கள், வருஷம் கேட்பார்கள். சாதி கேட்காமலே பேச்சு போகும். இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

கவுண்டரில் ஓர் இளம்பெண். பொறுமைசாலி. அன்று காலையிலிருந்து எத்தனை கட்டைவிரல்களை அழுத்திப் பார்த்தாளோ. சின்னக் கறுப்புக் கருவியை நகர்த்தி, "கட்டைவிரல் வைங்க தாத்தா" என்றாள்.

வைத்தார். சிவப்பு விளக்கு.

"துடைச்சிட்டு வைங்க."

வேட்டி முனையில் துடைத்து வைத்தார். சிவப்பு.

"அடுத்த விரல்."

வலது கை ஐந்தும் முடிந்தது. இடது கையில் மோதிர விரலுக்கு ஒருமுறை பச்சை மாதிரி ஏதோ மினுங்கி, சிவப்பாகவே நின்றது. பேரன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்தான். யாரோ தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றச் சொன்னார்கள். அதையும் செய்தார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் அந்தக் கை. பார்த்தேன். விரல் நுனிகள் தேய்ந்து, வழவழவென்று, கூழாங்கல் மாதிரி. ரேகை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

"பட்டாளத்துல கயிறு புடிச்சுப் புடிச்சுத் தேஞ்சிருக்கும்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், மரியாதையோடு.

"பட்டாளத்துல இல்லப்பா" என்றார் பெரியவர். "அங்க பதினஞ்சு வருசம். நல்லாத்தான் இருந்துச்சு. வந்தப்புறம் தோல் ஷாப்புல இருபத்திரண்டு வருசம். சுண்ணாம்புக் குழி."

தோலில் இருக்கும் மயிரைக் கழற்ற சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் குழிக்குள் இறங்கி, தோலைப் புரட்டிப் புரட்டி எடுக்கும் வேலை. தோலின் மயிரை எடுப்பது கையின் ரேகையையும் எடுத்துவிடும். 1979-இல், முப்பத்து மூன்று வயதில் வெளியே வந்த ஒரு ஹவில்தாருக்கு, கண்ணிவெடி எடுக்கத் தெரிந்த ஒரு மனிதருக்கு, ஊர் கொடுத்த வேலை அது.

சர்வர் நின்றுவிட்டது. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். காவலருக்கு அருகில் இருந்த நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்தார். எனக்கு நேர் எதிர். நான் கையில் இருந்த பழைய வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

"எப்ப ஐயா சேர்ந்தீங்க?"

"அறுபத்து நாலு. சைனாக்காரன் சண்டைக்கு அப்புறம் எல்லாரையும் எடுத்துக்கினு இருந்தாங்க. கோட்டை மைதானத்துல லங்கோட்டோட நிக்க வெச்சு, நெஞ்சுல மையால நம்பர் எழுதிட்டாங்க. டேப்பு வெச்சு நெஞ்ச அளந்தாங்க. 'மூச்சு இழு'ன்னான். இழுத்தேன். 'இன்னும்'னான். அந்த நம்பர் ஒரு வாரம் போவல. எங்கம்மா குளிப்பாட்டி வுடுறப்ப அழிக்காதேன்னேன்."

அன்று அவர் உடம்பை அளந்து எடுத்துக்கொண்டார்கள். இன்று அதே உடம்பை அளந்து, இல்லை என்கிறார்கள்.

இந்த அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரத்தில் அரசாங்கம் இரக்கமானதுதான். கூர்க்காக்களுக்கு 157 சென்டிமீட்டர் போதும், கிழக்கு இமயமலைக்காரர்களுக்கு 160, தென்னிந்தியர்களுக்கு 166, பஞ்சாப் சமவெளிக்காரர்களுக்கு 170. மண்ணுக்கேற்ற அளவு. இந்த ஏற்றத்தாழ்வை யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்லவேண்டியது டேப்பில் எண் போடாத அளவுகளை. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, அப்புறம் இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதி ஆனார். தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் வற்றிவிட்டது என்பது அவர் முடிவு. ஒரு மனிதனின் நெஞ்சைக் கண்ணால் அளந்து எழுதிய தீர்ப்பு. மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, கடைசியில் காலாட்படையில் மதராஸ் ரெஜிமென்ட்டே இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஆனதும், வற்றிய போர்க்குணம் திரும்பச் சுரந்துவிட்டதாகக் கண்டுபிடித்தார்கள். ரெஜிமென்ட் மறுபடி பிறந்தது.

சாப்பர்ஸை மட்டும் அவர்கள் கலைக்கவில்லை. கலைக்க முடியவில்லை என்பதே சரி. சேரியிலிருந்து போன பறையர் பிள்ளைகள் அதில் ஏராளம். மண்ணை வெட்டவும் ஆற்றில் இறங்கவும் தயங்காதவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஓர் அளவு இருக்கிறது பாருங்கள். மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. சுபேதாரின் மகனான அம்பேத்கர் பிறந்த அடுத்த சில ஆண்டுகளிலேயே மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மகர் ரெஜிமென்ட் வர 1941 ஆனது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்குப் பெரும்பாலும் ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர்களைத்தான் எடுத்தார்கள். அந்த வழக்கு நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தது.

அதிகாரிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தைப் பார்த்து ஊரே கண்ணைத் துடைத்தது. நானும்தான். அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி. தமிழ்நாட்டு அதிகாரி எந்த ரெஜிமென்ட்டுக்கும் போகலாம். தமிழ்நாட்டுச் சிப்பாய்க்குக் காலாட்படை என்றால் பெரும்பாலும் மதராஸ் ரெஜிமென்ட்டின் வெலிங்டன்தான். வகுப்பு பார்க்காமல் எல்லா இடத்திலிருந்தும் எல்லாரையும் கலந்து எடுப்போம் என்று, அக்னிவீர் என்ற பெயரில் நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்தபோது சொன்னார்கள். அது நடந்தால் நல்லது. அதோடு வந்த மற்ற நிபந்தனைகளைப் பார்க்கும்போதுதான் நல்லது என்று முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குள் காவலரே அந்தப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

"தம்பி இன்னா பண்றாரு?"

"அக்னிவீருக்கு ரெடி ஆகறேன் அண்ணே. ஆன்லைன் எக்ஸாம் பாஸ் ஆயிட்டேன். இனிமே ரேலி."

"ஓட்டம்?"

"அஞ்சு நாப்பதுல முடிக்கிறேன்."

1600 மீட்டர். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், அதைத் தாண்டிப் பதினைந்து விநாடிக்குள் வந்தால் 48 என்றுதான் பல வருஷம் இருந்தது. பத்து விநாடியில் பன்னிரண்டு மதிப்பெண். இந்தப் பக்கம் விடியற்காலை பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், பைபாஸ் ஓரத்தில் இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களை. அந்தப் பத்து விநாடியைத்தான் தேடுகிறார்கள்.

காவலர் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். பெரியவருக்கும் சேர்த்துத்தான். முதல் வருஷம் மாதம் 30,000. நாலாம் வருஷம் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்து வைப்பார்கள், அதே அளவு அரசாங்கம் போடும். நாலு வருஷம் முடிந்தால் சுமார் 11.71 லட்சம் கையில். நூறு பேரில் இருபத்தைந்து பேர் வரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை, முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி வசதி இல்லை.

"பென்சன் இல்லியா?" பெரியவர் கேட்டார்.

"இல்ல ஐயா."

பெரியவர் பேரனைப் பார்த்தார். "அப்ப உனுக்கு நவம்பர் மாசம் தொல்லை இல்ல. உயிரோட கீறேன்னு யார்கிட்டயும் காட்ட வேணாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பேரனும் காவலரும் சிரித்தார்கள். 2022 கடைசியிலும் 2023 ஆரம்பத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணி நாலு வருஷத்தை முடித்து வரும்போது, அந்தப் பையன்களுக்கு இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு வயதுக்குள் இருக்கும். இந்தக் காவலருக்கு முப்பத்தேழில் கிடைத்தது நீலச் சட்டை. அவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரசு வேலைகளில் ஒதுக்கீடு தருவதாகப் பல அறிவிப்புகள் வந்திருக்கின்றன. வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

"ஓ.ஆர்.ஓ.பி. உங்களுக்கு ஒழுங்கா வந்துச்சா?" என்று காவலர் கேட்டதும், பெரியவர் கையை ஆட்டி ஏதோ சொன்னதும் சரியாகக் கேட்கவில்லை. ஒரே பதவி, ஒரே சர்வீஸ், ஆனால் முன்னால் ஓய்வு பெற்றவனுக்குப் பென்ஷன் குறைவு, பின்னால் பெற்றவனுக்கு அதிகம். இதைச் சரிசெய்து "ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்" (ஓ.ஆர்.ஓ.பி.) கொடுக்கச் சொல்லி 2015-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் கிழவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நவம்பரில் உத்தரவு வந்தது. உத்தரவின் கணக்கை விளக்கக் கிழவர்களுக்கு இன்னும் பேரன்கள் தேவைப்படுகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த ஆள் வந்தான். கையில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு, பெரியவரை முன்பே தெரிந்தவன்.

"மிலிட்டரி தாத்தா! நல்லாக்கீறியா? இந்த மாச கோட்டா வாங்கிட்டியா? ஒண்ணு ஒதுக்கி வெய்யி, தங்கச்சி கல்யாணம் வருது."

குரலில் பாசம் இருந்தது. அதுதான் சங்கடம். நம் ஊரில் பட்டாளத்துக்காரருக்குக் கிடைக்கிற மிகப் பெரிய மரியாதை இந்தக் கேள்விதான். கார்கிலைக் கேட்க மாட்டார்கள், கேன்டீன் ரம்மைக் கேட்பார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்கள், "பட்டாளத்தான், எப்ப வருவான் எப்ப போவான்" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது மட்டும் "நம்ம மிலிட்டரி மாமா" என்று அறிமுகம் செய்து பாட்டிலைத் திறப்பார்கள்.

பெரியவர், "பாக்கலாம்" என்றார். அவன் போனதும் காவலரிடம், யாரையும் குறை சொல்கிற தொனி இல்லாமல், சொன்னார்.

"இவன் தாத்தாவோட டீக்கடை. எழுபத்திரண்டுல சண்டை முடிஞ்சு லீவுல வந்தேன். யூனிபாரத்தோட போய் நின்னேன். லங்கர்ல பஞ்சாபி, மராட்டி எல்லாத்தோடயும் ஒரே பாத்திரத்துல துன்னுட்டு வந்த பழக்கம், பெஞ்சுல உக்காந்துட்டேன். அவுரு ஒண்ணுஞ் சொல்லல. டீயக் கொட்டாங்குச்சியில ஊத்தி, பெஞ்சு மேல வெச்சாரு. பெஞ்சுல உக்கார வுட்டாரு பாரு, அது யூனிபாரத்துக்கு. கொட்டாங்குச்சி எனக்கு."

காவலர் ஒன்றும் சொல்லவில்லை. எந்தச் சண்டை என்று கேட்டார்.

"பசந்தர்."

1971 டிசம்பர். ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரை. அருண் கேத்ரபால் என்ற 21 வயது செகண்ட் லெப்டினன்ட் எரிகிற டாங்கை விட்டு வராமல் உயிர்விட்டு, பரம்வீர் சக்கரம் பெற்ற சண்டை. பள்ளிப் புத்தகம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த டாங்குகள் போவதற்கு, இருட்டில், குண்டு விழ விழ, கண்ணிவெடி எடுத்துப் பாதை போட்டவர்கள் சாப்பர்கள். பாதை போட்டவன் பெயர் பாதையில் இருக்காது.

சர்வர் வந்துவிட்டது. கவுண்டர்ப் பெண் இந்த முறை கருவியை ஒதுக்கிவிட்டுத் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு அவளே எழுந்து வந்தாள். முகத்தைக் காட்டினால் போதும், விரல் வேண்டாம், அதற்கொரு செயலி இருக்கிறது என்றாள். எனக்கு அவள் மேல் மதிப்பு கூடியது. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காந்தே காட்டலாம் தாத்தா."

உட்காரவில்லை. குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. கைகள் தொடையோடு நேராயின. மோவாய் உயர்ந்தது. பார்வை அவள் தலைக்கு மேலே, எதிர்ச் சுவரில் இருந்த தங்கப் பத்திர விளம்பரத்தில் போய் நின்றது.

"கேமராவப் பாருங்க… ம்… இப்ப கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா."

அவர் சிமிட்டவில்லை.

"சிமிட்டுங்க. உயிரோட இருக்கறவங்கதானான்னு அது பாக்குது. ஃபோட்டோவ வெச்சு ஏமாத்திடுவாங்கன்னு."

இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, இமை மட்டும் அசையவில்லை. செயலி நேரமாகிவிட்டதென்று முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. வரிசையில் இருந்த பட்டாளத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேரன் காதருகில் போய், "தாத்தா, சும்மா கண்ண மூடித் தொற" என்றான்.

"மைன் எடுக்கறப்ப கண்ண சிமிட்டாதேன்னு ஒருத்தன் அடிச்சுச் சொல்லிக் குடுத்தான்" என்றார் பெரியவர், உதடு மட்டும் அசைய. "இப்ப சிமிட்டுன்னா எப்புடி வரும்?"

காவலர்தான் முன்னால் வந்தார். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பரேட் மைதானத்தில் கேட்கிற குரலில், வங்கி மொத்தமும் திரும்பிப் பார்க்க, ஒரே சொல் சொன்னார்.

"விஷ்ராம்!"

பெரியவரின் இடது கால் பக்கவாட்டில் விலகியது. தோள் தளர்ந்தது. இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன. கைபேசியில் பச்சை வந்தது.

"ஆயிடுச்சு தாத்தா. அடுத்த வருஷம் வாங்க." அவள் உள்ளே போய்விட்டாள். பெரியவர் டிஸ்சார்ஜ் புக்கைக் கவரில் போட்டு, கவரைத் துணிப்பையில் போட்டு, துணிப்பையை வெளிக் கவரில் போட்டு, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டினார். அவசரமே இல்லை.

பேரன் பைக்கை எடுக்கப் போகத் திரும்பியபோது காவலர் கூப்பிட்டார்.

"உயரம் எவ்ளோ?"

"நூத்தி அறுபத்தாறு அண்ணே. சில நேரம் கொஞ்சம் கம்மியா காட்டுது."

"வா இங்க. ஷூவக் கழட்டு."

வாசல் தூணில் பையனை நிற்க வைத்தார். குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் படவேண்டும் என்றார். முடியை உள்ளங்கையால் அழுத்தி, சட்டைப் பையில் இருந்த பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். மேலாளர் பார்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். டேப்பு இல்லாததால், தன் கையைச் சாணாக வைத்துத் தரையிலிருந்து அளந்தார்.

"சரியாத்தான் கீறே. ரேலி அன்னிக்கு ராத்திரி பஸ்ல நின்னுக்கினு போவாத. முன்ன நாளே போய் நல்லாப் படுத்துத் தூங்கு. காலைல எழுந்ததும் உடம்பு அரை சென்டி, ஒரு சென்டி கூட இருக்கும். டோக்கன் வாங்கி முதல் ஆளா போய் நில்லு. மத்தியானம் ஆனா குறைஞ்சுடும். நான் அப்பிடித்தான் பாஸ் ஆனேன்."

பையன் தலையாட்டினான். பெரியவர் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார், ஒரு கையால் பையை மார்போடு அணைத்தபடி. போகும்போது காவலரிடம் எதுவும் சொல்லவில்லை. காவலரும் சொல்லவில்லை.

61 வந்தது. வட்டி கட்டி, நகையை மறுபடி உள்ளே அனுப்பி, சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். காவலர் யாருக்கோ பணச்சீட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். தூணைக் கடக்கும்போது பென்சில் கோடு கண்ணில் பட்டது. யாரும் பார்க்காத ஒரு நொடியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் புருவத்துக்கு நேராக இருந்தது.